பன்னிரண்டரை மணித் தூரம்

சைகோன், 3-2-1960

அன்புள்ள ஆச்சிக்குத் தம்பி முருகப்பன் வணக்கத்துடன் எழுதுவது.

பழனியப்பன் ஊருக்கு வந்து திரும்ப அனுமதி கிடைக்கவில்லை. சுற்றி வளைக்காமல் முதல் வரியிலேயே சொல்லிவிட்டேன். போவதற்குத் தடையில்லையாம், போனால் திரும்பி வர விசா தரமாட்டார்களாம். கடை லைசென்ஸ் அவன் பேரில் இருக்கிறது. அவன் போய் மாட்டிக்கொண்டால், பென் தான் என்கிற சந்தைத் தெருவில் முப்பது வருஷமாக நான் நின்ற இடத்தில் அடுத்த மாதம் வேறு ஒருவன் துணி விரிப்பான்.

நானும் அவனும் இங்கே நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? உமையாள் சுகமா?

வைகாசிக் கல்யாணத்தை நிறுத்த எனக்கு மனம் இல்லை. என் மகன் பழனியப்பனுக்கு உங்கள் மகள் உமையாள் என்று அவள் தொட்டிலில் கிடந்தபோதே பேசியது. அதனால் கல்யாணத்தை இங்கே, நம் தண்டாயுதபாணி கோயிலில் வைத்துக்கொள்வோம். பெண்ணை இங்கே அனுப்புங்கள்.

தூரத்தை நினைத்துப் பயப்பட வேண்டாம். பதினைந்து வயதில் ஒரு கடையின் சமையலுக்கென்று நான் கப்பல் ஏறினேன். வந்து சேர இருபது நாள் ஆனது, அதில் பாதி நாள் வாந்தி. இன்றைக்கு மீனம்பாக்கத்துக்கும் இங்கே டான் சோன் நாட் விமான நிலையத்துக்கும் நேர்கோடு இழுத்தால் ஆயிரத்தெண்ணூறு மைல். நேராக விமானம் கிடையாது, சிங்கப்பூரில் மாறவேண்டும். அந்தச் சுற்றோடு சேர்த்து இரண்டாயிரத்தைந்நூறு மைல். கால அட்டவணையை வாங்கிப் பார்த்தேன். சென்னையில் இரவு ஒன்பதரைக்கு ஏறினால் மறுநாள் பகல் பன்னிரண்டரைக்கு இங்கே இறங்கலாம். பதினைந்து மணி நேரம். திரும்பும்போது இன்னும் விசேஷம்: பகல் இரண்டு மணிக்கு இங்கே ஏறினால் இரவு பன்னிரண்டுக்குச் சென்னை. பத்தே மணி நேரம்! காற்று ஊர்ப் பக்கம் அடிக்கிறது போலிருக்கிறது.

யோசித்து எழுதுங்கள்.

தம்பி,
முருகப்பன்


தேவகோட்டை, 19-2-1960

தம்பி முருகப்பனுக்கு வெள்ளையம்மை ஆசீர்வாதம்.

கடிதம் வந்தது. முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, நடக்கிறேன். உமையாள் சுகம்.

போக ஒரு நேரம், வர ஒரு நேரமா? காரைக்குடி பஸ்காரன்கூட அப்படிச் சொல்லமாட்டான். காற்றாவது மண்ணாவது. பதினைந்தையும் பத்தையும் கூட்டினால் இருபத்தைந்து. பாதி பன்னிரண்டரை. அதுதான் தூரம். மிச்சம் இரண்டரை மணி உங்கள் ஊர்க் கடிகாரம் நம் கடிகாரத்துக்கு முன்னால் ஓடுவது. அந்த ஊரில் சூரியன் முன்னால் உதிக்கிறான், அவ்வளவுதான். முப்பது வருஷம் அங்கே இருந்துகொண்டு இது தெரியவில்லையா?

பெண்ணை அனுப்புவதைப் பற்றி இன்னும் முடிவு சொல்லவில்லை. அதற்கு முன் ஒன்று கேட்கிறேன். மாலை எப்படி வரும்? இங்கே உள்ள உங்கள் குலக்கோயில் மாலையும் எங்கள் குலக்கோயில் மாலையும் மணவறைக்கு வராமல் தாலியைத் திருப்பூட்டினால், கோயில் ஏட்டில் அவர்கள் ஒரு புள்ளியாக, ஒரு குடும்பமாக ஏறமாட்டார்கள். ஏட்டில் ஏறாத கல்யாணம் நம்மவர்களுக்குக் கல்யாணமே இல்லை. நாளைக்கு அவள் பிள்ளைக்கு எவன் பெண் கொடுப்பான்?

இதற்குப் பதில் எழுது.

வெள்ளையம்மை


சைகோன், 6-3-1960

அன்புள்ள ஆச்சிக்கு,

நலம், நலமறிய ஆவல்.

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். நான் எப்போதும் கப்பலில் வந்து போனவன். கப்பலில் தினம் கொஞ்சம் கொஞ்சமாகக் கடிகாரத்தைத் திருப்புவார்கள், அதனால் உறைக்கவே இல்லை. உங்கள் கடிதத்தை எடுத்துக்கொண்டு விமான நிலையத்துக்கே போனேன். அங்கே கவுண்டரில் இருப்பவள் ஒடெட், புதுச்சேரிக் கிறிஸ்தவப் பெண். அப்பா கப்ரியேல் பிரெஞ்சுக்காரன் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தவர். உங்கள் கணக்கைப் படித்துக் காட்டினேன். பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள்.

"முசியே முருகப்பன், இத யாரு போட்டது?"

"எங்க ஆச்சி. கூடப் பொறந்த அக்கா."

"எந்த காலேஜ்?"

"அஞ்சாம் வகுப்பு."

"அவங்கள இந்த நாற்காலியில உக்கார வைங்க. நான் வீட்டுக்குப் போய்த் தூங்குறேன்."

நீங்கள் சொன்னது முழுக்கச் சரி, இரண்டரை மணிதான் வித்தியாசம். அதிலும் ஒரு மணி இந்த ஜனவரியில் புதிதாகச் சேர்ந்தது. சர்க்கார் உத்தரவு போட்டு ஊர்க் கடிகாரத்தையெல்லாம் ஒரு மணி முன்னே தள்ளிவிட்டார்கள். எங்கள் கடைக் கடிகாரத்தைத் தள்ள ஏணி வைத்து ஏறினேன்.

மாலைக்கு ஒரு வழி சொல்கிறேன், கோபிக்காதீர்கள். கோயிலுக்குச் செலுத்த வேண்டியதை அங்கே செலுத்திவிடுங்கள். பூவை இங்கேயே வாங்கிக் கட்டிக்கொள்வோம். இங்கே மல்லிகை நன்றாகவே கிடைக்கிறது. பூ எங்கே பூத்தால் என்ன?

தம்பி,
முருகப்பன்


தேவகோட்டை, 22-3-1960

தம்பிக்கு ஆசீர்வாதம். இங்கே யாவரும் சுகம்.

பூ எங்கே பூத்தாலும் பூதான். சுவாமி கழுத்திலிருந்து எடுத்துக் கொடுத்தால்தான் கோயில் மாலை. துணிக்கடைக்காரனுக்கு நான் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆலை முத்திரை இல்லாத மல் துணியை நீ ஆலை மல் என்று விற்பாயா?

மாலை இங்கிருந்துதான் வரும். நானே அனுப்புகிறேன். நாள் பார்த்தாகிவிட்டது. வைகாசி 27, வியாழக்கிழமை, ஜூன் 9. முகூர்த்தம் பத்தரையிலிருந்து பன்னிரண்டு. அதற்குள் மணவறையில் மாலை இருக்கும்படி விமானத்தைப் பார்த்து எழுது.

பெட்டியில் போட்டால் மூன்று நாள் தாங்குமா என்று வெற்றிலை மண்டியில் கேட்டேன். கொழுந்து வெற்றிலையை பம்பாய்க்கு அனுப்புகிறவர்கள் அவர்கள். மூங்கில் கூடையில் வாழை மட்டையை உரித்து அடுக்கி, ஈரத் துணி படாமல், மட்டையின் ஈரமே பூவுக்குப் போகும்படி கட்டவேண்டுமாம். இரண்டு முறை கட்டிப் பார்த்தேன். முதல் மாலை கறுத்துவிட்டது. இரண்டாவது நாலாம் நாளும் மணந்தது.

பேப்பரில் உங்கள் ஊருக்கு வெளியே சண்டை என்று இரண்டு தரம் பார்த்தேன். நீ எழுதவில்லை. அதையும் எழுது.

வெள்ளையம்மை


சைகோன், 7-4-1960

அன்புள்ள ஆச்சிக்கு,

இங்கே சுகம். வெயில் அதிகம், அடுத்த மாதம் மழை பிடிக்கும். புது வருஷம் பிறக்கப் போகிறது, சார்வரி நமக்கு நல்லதாக இருக்கட்டும்.

நீங்கள் ஒரு மாலையைக் கெடுத்துப் பார்த்ததை ஒடெட்டிடம் சொன்னேன். நான் அனுப்பிய சரக்கு கெட்டால் வாங்கினவன் தலையில் கட்டுவேன். நீங்கள் அனுப்பும் முன்பே கெடுத்துப் பார்க்கிறீர்கள். வியாபாரத்துக்கு வந்திருக்க வேண்டியவர் நீங்கள்தான்.

இப்போது சிக்கலைச் சொல்கிறேன். புதன் இரவு சென்னையில் ஏறும் விமானம்தான் இருக்கிறது. அது வியாழன் பகல் பன்னிரண்டரைக்கு இங்கே வரும். முகூர்த்தமோ பன்னிரண்டுக்கு முடிந்துவிடும். அதற்கு முந்தின விமானம் ஞாயிற்றுக்கிழமை. அதில் அனுப்பினால் ஐந்தாம் நாள் பூ.

உங்கள் கணக்கை வைத்தே கோயிலில் சதாசிவ குருக்களிடம் கேட்டேன். ஊர்ப் பத்தரை என்பது இங்கே பகல் ஒரு மணி. ஒன்றிலிருந்து இரண்டரை வரை முகூர்த்தம் என்று வைத்துக்கொண்டால் விமானத்துக்கு அரை மணி மிச்சம். ஆனால் அவர் காதைப் பொத்திக்கொள்கிறார். "வியாழக்கிழமை ஒன்றரைக்கு ராகு காலம் ஆரம்பிக்குதே செட்டியாரே! ராகு காலத்துல தாலியா? எம் பொழப்புல மண்ணப் போடாதீங்க" என்கிறார். பெரியவர்கள் நாலு பேரும் அவர் பக்கம்.

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. நீங்கள்தான் சொல்லவேண்டும்.

தம்பி,
முருகப்பன்


தேவகோட்டை, 21-4-1960

தம்பிக்கு ஆசீர்வாதம். இங்கே சுகம். மாங்காய் இந்த வருஷம் குறைச்சல்.

குருக்களிடம் நான் கேட்டதாக ஒன்று கேள். போன டிசம்பர் வரைக்கும் உங்கள் ஊரில் ராகு காலம் எந்த வெளிச்சத்தில் ஆரம்பித்தது? ஜனவரியில் சர்க்கார் கடிகாரத்தைத் தள்ளச் சொன்னது. உத்தரவைப் படித்துவிட்டு ராகுவும் ஒரு மணி தள்ளிப் போனானா? போனான் என்றால் அவன் சர்க்கார் உத்தியோகஸ்தன், அவனுக்குப் பயப்பட வேண்டாம், லைசென்ஸ் ஆபீசில் பார்ப்பதுபோல் பார்த்துக்கொள்ளலாம். போகவில்லை என்றால் சுவரில் தொங்குகிற கடிகாரத்தைக் காட்டிப் பயமுறுத்த வேண்டாம். மாலை கொடுக்கிற சுவாமி இந்த ஊரில் இருக்கிறார். ஏடு இந்த ஊரில் இருக்கிறது. நேரமும் இந்த ஊர் நேரம்தான்.

உமையாளையும் என் கொழுந்தனார் இராமநாதனையும் அவர் பெண்டாட்டியையும் மே மாதக் கடைசியில் அனுப்புகிறேன். நான் வரவில்லை. தாலி அறுத்தவள் மணவறை ஓரத்தில் நின்று என்ன செய்யப்போகிறேன்? நான் இங்கே இருந்தால்தான் மாலை வரும்.

சண்டையைப் பற்றி நான் கேட்டதற்குப் பதில் இல்லை. இரண்டு பக்கம் எழுதுகிறவன் அதை மட்டும் மறந்துவிட்டாய். மழையைப் பற்றி எழுதியிருக்கிறாய். சரி. தூரம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும், நீ சொல்லித் தெரியவேண்டியதில்லை. இருந்தும் அனுப்புகிறேன். பேசிய பேச்சு.

வெள்ளையம்மை


சென்னை, 8-6-1960, புதன் மாலை

தம்பிக்கு ஆசீர்வாதம்.

விமானம் கிளம்பும் முன் இதை எழுதித் தபாலில் போடுகிறேன். மாலை முதலில் வரும், கடிதம் பிறகு வரும். இருந்தாலும் நடந்ததை எழுதிவைக்க வேண்டும்.

நேற்றுக் காலை எட்டு மணிக்கு உங்கள் கோயில். பதினொன்றுக்கு எங்கள் கோயில். இரண்டிலும் சுவாமிக்குச் சாத்தி எடுத்துக் கொடுத்தார்கள். விபூதி, மஞ்சள், அரிசி எல்லாம் கூடையின் பக்கத்துப் பையில் தனியாக இருக்கிறது. அங்கேயே மரத்தடியில் உட்கார்ந்து கூடையைக் கட்டினேன். இரவு போட் மெயில் ரயில். கூடை தரையில் படக்கூடாது என்று மடியிலேயே வைத்திருந்தேன். எதிரில் இருந்த அம்மாள் "பிள்ளையா?" என்று கேட்டாள். "பிள்ளையின் கல்யாணம்" என்றேன்.

மீனம்பாக்கத்துக்கு டாக்சியில் போனேன். சரக்கு வாங்குகிற இடத்தில் இருந்த பிள்ளையாண்டான் கூடையைத் தராசில் வைத்துவிட்டு, "என்ன சரக்கு?" என்றான். மாலை என்றேன். "மதிப்பு எவ்வளவுன்னு போடட்டும்மா?" என்றான். இரண்டு ஆளின் மதிப்பு என்றேன். சிரித்துவிட்டு ஐந்து ரூபாய் என்று போட்டுக்கொண்டான். போகட்டும், கட்டணம் குறையும்.

விமானத்தைப் பார்த்தேன். அவ்வளவு பெரியது அந்தச் சின்னச் சக்கரத்தில் நிற்கிறது. இதில்தான் என் மகள் போனாள் என்று தொட்டுப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. அருகே விடவில்லை.

இனி உன் பொறுப்பு.

வெள்ளையம்மை


சைகோன், 12-6-1960

அன்புள்ள ஆச்சிக்கு,

கல்யாணம் முடிந்தது. தந்தியில் ஆறு வார்த்தைதான் கொடுக்க முடிந்தது, இப்போது முழுக்க எழுதுகிறேன்.

சிங்கப்பூரில் மழை. விமானம் பன்னிரண்டரைக்கு வரவில்லை. ஒரு மணி ஆகியும் வரவில்லை. மண்டபத்தில் பழனியப்பனும் உமையாளும் உட்கார்ந்தாகிவிட்டது, நான் விமான நிலையத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். ஒன்று இருபத்தைந்துக்கு இறங்கியது. பயணிகளை முதலில் விட்டார்கள், சரக்கு பிறகு. உங்கள் கூடை வெளியே வரும்போது ஒன்று ஐம்பது.

சுங்க அதிகாரி வியட்நாமியர், வயசானவர். கூடையைத் திறக்கச் சொன்னார். வெளிநாட்டுப் பூ, பூச்சி இருந்தால் விடமுடியாது, பரிசோதனைக்கு இரண்டு நாள் என்கிறார். ஒடெட் கவுண்டரை விட்டு இறங்கி வந்தாள். அவர் பாஷையில் படபடவென்று பேசினாள். மாப்பிள்ளை காத்திருக்கிறான், இன்னும் நாற்பது நிமிஷம்தான் என்று சொன்னாளாம். அவர் மட்டையை நீக்கினார். ஆச்சி, மல்லிகை அப்போது பறித்ததுபோல் இருந்தது. அந்த வாசனையில் பக்கத்து மேசைக்காரர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"எப்போ பறிச்சதாம்?" என்று அவர் கேட்டார்.

"செவ்வாய்க்கிழமை" என்றாள் ஒடெட்.

அவர் நம்பவில்லை. மட்டையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "இத யாரு கட்டினது?" என்றார். "மாப்பிள்ளையோட அத்தை" என்றதும், "அந்த அம்மா இருக்கிற இடத்துல பூச்சி இருக்காது" என்று முத்திரையைக் குத்திவிட்டார். ஒடெட்டே எனக்கு மொழிபெயர்த்தாள்.

சின்ன ரெனோ டாக்சி. கூடையை மடியில் வைத்துக்கொண்டேன். "வேகமாப் போப்பா" என்று நான் தமிழில் கத்தியது அவனுக்கு எப்படிப் புரிந்ததோ, புரிந்தது. மண்டபத்துக்குள் நுழையும்போது இரண்டு பத்து. குருக்கள் என்னைப் பார்த்ததும் ராகு காலத்தை மறந்து மேளக்காரரைப் பார்த்துக் கையை ஆட்டினார். திருப்பூட்டியது இரண்டு இருபத்திரண்டுக்கு. ஊர் நேரம் பதினொன்று ஐம்பத்திரண்டு. எட்டு நிமிஷம் மிச்சம்.

நான் இந்த ஊரில் எத்தனையோ பேரோடு பேரம் பேசியிருக்கிறேன். ராகுவோடு பேரம் பேசி ஜெயித்தவர் நீங்கள் ஒருவர்தான். பெரியவர்கள் நாலு பேரும் இப்போது அதைத் தாங்களே சொன்னதுபோல் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள்.

உமையாள் அழவில்லை. மாலை கழுத்தில் விழுந்தபோது மட்டும் குனிந்து அதை முகர்ந்து பார்த்தாள்.

இராமநாதன் அத்தானும் அவர் வீட்டிலும் அடுத்த விமானத்தில் திரும்புகிறார்கள். பிள்ளைகள் இருவரையும் அடுத்த மாதம் வுங் டாவ் கடற்கரைக்கு அனுப்பலாம் என்றிருக்கிறேன்.

தம்பி,
முருகப்பன்


தேவகோட்டை, 14-11-1960

தம்பிக்கு ஆசீர்வாதம்.

சுகமா என்று வழக்கமாகக் கேட்பேன். இன்றைக்கு உண்மையாகவே கேட்கிறேன்.

வெள்ளிக்கிழமையிலிருந்து ரேடியோவில் சைகோன் சைகோன் என்கிறான். பட்டாளமே பட்டாளத்தைச் சுடுகிறதாம். விமான நிலையத்தை மூடிவிட்டார்களாம். தந்தி கொடுத்தேன், பதில் இல்லை.

ஜூலையில் வுங் டாவ் போகவில்லை, காற்று சரியில்லை என்று எழுதினாய். உமையாளும் அதே வார்த்தையை எழுதினாள். இரண்டு பேர் ஒரே வார்த்தையை எழுதினால் அது யாரோ சொல்லிக்கொடுத்தது என்று எனக்குத் தெரியாதா?

பன்னிரண்டரை மணித் தூரம் என்று கணக்குப் போட்டவள் நான்தான். மூடின விமான நிலையத்துக்கு எத்தனை மணி?

வெள்ளையம்மை


சைகோன், 25-11-1960

அன்புள்ள ஆச்சிக்கு,

உமையாள் நலம். பழனியப்பன் நலம். நான் நலம். தந்தி ஆபீஸ் திறந்ததும் அதைத்தான் முதலில் அனுப்பினேன், வந்து சேர்ந்திருக்கும்.

இனி ஒன்றையும் மறைக்கவில்லை. வுங் டாவ் போகும் ரோட்டில் ஜூலையில் பஸ்ஸை நிறுத்திச் சுட்டார்கள். காற்று என்று எழுதச் சொன்னது நான். மார்ச்சில் நீங்கள் கேட்டதற்குப் பதில் எழுதாததும் வேண்டுமென்றேதான். எழுதியிருந்தால் பெண்ணை அனுப்பியிருக்கமாட்டீர்கள். சரக்கில் இருக்கும் பழுதைச் சொல்லாமல் விற்றவன் நான். அது தப்பு.

இந்த மாதம் நடந்ததைச் சொல்கிறேன். விடிகாலையில் சத்தம் ஆரம்பித்தது. நாங்கள் கடைக்கு மேல் மாடியில் இருந்தோம். நான் ஜன்னலைத் திறந்து பார்க்கப்போனேன். "அம்மான், படுங்க!" என்று உமையாள் ஒரு அதட்டல் போட்டாள். முப்பது வருஷமாக என்னை யாரும் அப்படி அதட்டியதில்லை, படுத்துவிட்டேன். அவளும் பழனியப்பனும் கீழே போய் மல் துணிக் கட்டுகளை உருட்டி வந்து கதவுக்கும் ஜன்னலுக்கும் அடுக்கினார்கள். மூன்று வரிசை. எதிர்வீட்டுச் சீனக் கிழவனையும் அவன் பேத்தியையும் கூப்பிட்டு உள்ளே வைத்துக்கொண்டாள். இரண்டு நாள் அப்படியே. அவளே சோறு பொங்கினாள், ஆளுக்கு எவ்வளவு தண்ணீர் என்று அளந்தாள். சத்தம் ஓய்ந்தபின் கட்டுகளை இறக்கினோம். ஒரு துணிக்கட்டுக்குள் பதினான்காம் மடிப்புவரை போய் ஒரு குண்டு நின்றிருந்தது.

"அம்மான், இந்த மல்லு நல்ல நெசவு. இதையே இன்னும் வாங்குங்க" என்கிறாள்.

ஆச்சி, உங்கள் மகளை நான் மருமகளாக எடுத்தேன் என்று நினைத்திருந்தேன். எங்களைத்தான் அவள் எடுத்துக்கொண்டாள்.

விமானங்கள் போய் வருகின்றன. நீங்கள் என்ன சொன்னாலும் செய்கிறேன்.

தம்பி,
முருகப்பன்


தேவகோட்டை, 8-12-1960

தம்பிக்கு ஆசீர்வாதம். தந்தியும் வந்தது, கடிதமும் வந்தது. கடிதத்தை இரண்டு தரம் படித்தேன்.

உன் அத்தானைப் பற்றி நான் யாரிடமும் பேசியதில்லை. இன்றைக்கு எழுதுகிறேன். நாற்பத்திரண்டில் அவர் ரங்கூனில் ஒரு கடைக்கு ஏஜெண்டாக இருந்தார். ஜப்பான்காரன் குண்டு போட ஆரம்பித்த பிறகும் கப்பல் இருந்தது. அவர் கையில் காசும் இருந்தது. ஆனால் கடையை விட்டுக் கிளம்ப முதலாளியின் உத்தரவு வேண்டும். கடிதம் எழுதிவிட்டுக் காத்திருந்தார். உத்தரவு வந்தது, நல்ல உத்தரவுதான், உடனே கிளம்பு என்றுதான் இருந்தது. அது வரும்போது கடைசிக் கப்பல் போய்விட்டது. மற்றவர்களோடு காட்டு வழியில் நடந்தார். உமையாளுக்கு அப்போது ஒரு வயது. அவரோடு நடந்தவர்கள் வந்து சேர்ந்தார்கள்.

தூரத்தால் அவர் உயிர் போகவில்லை. கேட்டுக்கொண்டு கிளம்பவேண்டியிருந்ததால் போனது.

உமையாளைத் திருப்பி அனுப்பு என்று நான் சொல்லப்போவதில்லை. கதவுக்குத் துணிக்கட்டு அடுக்கத் தெரிந்தவளுக்கு எங்கே இருப்பது என்று முடிவு செய்யவும் தெரியும். ஆனால் அவள் யார் உத்தரவுக்கும் காத்திருக்கக்கூடாது. உன்னுடையதற்கும் கூடாது, அவள் புருஷனுடையதற்கும் கூடாது. என்னுடையதற்கும்தான்.

வியாபாரியல்லவா நீ, இதற்கு என்ன செய்வாய் என்று நீயே எழுது.

வெள்ளையம்மை


சைகோன், 21-12-1960

அன்புள்ள ஆச்சிக்கு,

நாங்கள் மூவரும் சுகம். உங்கள் முழங்காலுக்கு ஒரு தைலம் அனுப்பியிருக்கிறேன், இரவில் தேய்க்கவும்.

அத்தானைப் பற்றி எழுதியதைப் பழனியப்பனுக்குப் படித்துக் காட்டினேன். உமையாள் தானே வாங்கிப் படித்தாள். பிறகு அவள்தான் சொன்னாள், "ஆத்தா கேக்குறது புரியுது அம்மான். எழுத்துல குடுங்க" என்று. நாங்கள் பேசி முடித்ததைக் கீழே எழுதுகிறேன். பழனியப்பன் கையெழுத்தும் என் கையெழுத்தும் இருக்கின்றன. ஒடெட் சாட்சி போட்டிருக்கிறாள். "இப்படி ஒரு பத்திரத்துல எங்க அப்பாகூடக் கையெழுத்துப் போட்டதில்ல" என்று சொல்லிவிட்டுத்தான் போட்டாள்.

சைகோனிலிருந்து சென்னைக்குத் தேதி குறிக்காத டிக்கெட் ஒன்று, உமையாள் பேரில் வாங்கியாகிவிட்டது. ஒரு வருஷம் செல்லும். தீர்வதற்கு ஒரு மாதம் முன்பே அடுத்ததை வாங்கிவிட வேண்டும், அவள் இங்கே இருக்கும் வரைக்கும். டிக்கெட்டும் பாஸ்போர்ட்டும் அவள் பெட்டியில், சாவி அவளிடம். அதைக் கேட்கவோ, அடகு வைக்கவோ, திருப்பிக் கொடுத்துப் பணமாக்கவோ எனக்கும் என் மகனுக்கும் உரிமை இல்லை. குழந்தை பிறந்தால் குழந்தைக்கும் ஒன்று. என்றைக்குக் கிளம்புவது என்று அவள் யாரையும் கேட்க வேண்டியதில்லை. கிளம்பியபின் சொன்னால் போதும். திரும்பி வந்தால் ஏன் போனாய் என்று இந்த வீட்டில் யாரும் கேட்கமாட்டார்கள்.

என் பங்குக்கு, மாதம் ஒரு கடிதம், நடந்ததை நடந்தபடி. உங்கள் பங்குக்கு, அவளை வா என்று நீங்களாகக் கூப்பிடுவதில்லை.

டிக்கெட் விலை எட்டாயிரத்து நானூறு பியாஸ்தர். வருஷா வருஷம் அது என் செலவு. கிளம்பும் நாள் அவள் இஷ்டம்.

தம்பி,
முருகப்பன்